மங்கிய டயல், புதிய வாஷர்: பழைய டைவ் வாட்சைச் சீரமைப்பதில் எது சரி?

கடலுக்கடியில் நேரம் பார்ப்பதற்கென்று 1950களிலிருந்து 1980கள் வரை செய்யப்பட்ட கைக்கடிகாரங்களில் பெரும்பாலானவை இன்று கடலைப் பார்ப்பதில்லை. கறுப்பு டயல் பழுப்பேறியிருக்கும். முட்களிலும் மணிப்புள்ளிகளிலும் இருக்கும் ஒளிப்பூச்சு, அதாவது லூம், வெண்ணெய் நிறத்துக்கு வந்திருக்கும். டயலைச் சுற்றியுள்ள வளையமான பெசல் வெளுத்து, கேஸின் ஓரங்கள் தேய்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத உட்புறத்தில் மெஷினின் எண்ணெய் உலர்ந்து, ரப்பர் வாஷர்கள் இறுகிப்போயிருக்கும். இப்படியொரு வாட்சைச் சீரமைக்கிறவர் எதுவரை கைவைக்கலாம்? புதிதுபோல ஆக்குவதா, இருப்பதை அப்படியே விட்டுவிடுவதா, இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு கிழிப்பதா?

கேள்வி சிறியதாகத் தெரிந்தாலும், கட்டடங்களையும் ஓவியங்களையும் முன்வைத்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நடக்கும் விவாதத்தின் ஒரு கிளைதான் இது. கைக்கடிகார உலகில் தரப்படும் விடைகளை மூன்று நிலைப்பாடுகளாகத் தொகுத்து, அவை எங்கிருந்து வந்தன, எங்கே தடுமாறுகின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருவியாக இருந்த காலம்

நீர் புகாத கைக்கடிகாரம் 1920களிலேயே வந்துவிட்டது. ரோலெக்ஸ் நிறுவனத்தின் ஆய்ஸ்டர் 1926இல் அறிமுகமானது. ஒமேகாவின் மரீன் 1932இல் வந்தது. ஆனால் இன்று டைவ் வாட்ச் என்றதும் நினைவுக்கு வரும் வடிவம் 1953இல் உருவானது. பிரெஞ்சுக் கடற்படையின் முக்குளிப்புப் படையைச் சேர்ந்த ரோபேர் மலூபியே, குளோட் ரிஃபோ ஆகியோர் தேடிய வாட்சை, பிளாங்பா நிறுவனத்தை நடத்திய ழான்-ழாக் ஃபீஷ்டே ஃபிஃப்டி ஃபேதம்ஸ் என்ற பெயரில் செய்துகொடுத்தார். கறுப்பு டயல், இருட்டில் ஒளிரும் பெரிய குறிகள், மூழ்கிய நேரத்தைக் கணக்கிடச் சுழலும் பெசல் ஆகியவை அதன் அடையாளங்கள். ரோலெக்ஸின் சப்மரீனரும் ஸோடியாக்கின் சீ வுல்ஃபும் அதே ஆண்டைச் சேர்ந்தவை. ஒமேகாவின் சீமாஸ்டர் 300 வாட்ச் 1957இலும், ஜப்பானின் முதல் டைவ் வாட்சான சைக்கோ 62மாஸ் 1965இலும், ஆரஞ்சு டயல் கொண்ட டாக்ஸா சப் 300 அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்தும் வந்தன.

இவை எல்லாம் கருவிகள். நேரத்தைத் தவறவிட்டால் மூழ்கியவரின் உயிருக்கே ஆபத்து. ஆகவே சர்வீசுக்கு வந்த வாட்சில் மங்கிய முள்ளை எடுத்துவிட்டுப் புது முள் வைப்பதும், டயலையே மாற்றுவதும், கேஸைப் பாலிஷ் போடுவதும் வழக்கமான வேலைகளாக இருந்தன. 1983இல் வந்த ஆர்கா எட்ஜ் போன்ற மின்னணுக் கணிப்பான்கள் ஆழத்தையும் நேரத்தையும் சேர்த்தே கணக்கிடத் தொடங்கியபின், டைவ் வாட்ச் படிப்படியாகத் தன் வேலையை இழந்தது. வேலை போன பிறகுதான் அதன் வயதுக்கு மதிப்பு வந்தது. எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்ற சச்சரவும் அதன்பின் எழுந்ததே.

கட்டடங்களிடமிருந்து வந்த வாதங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சின் கட்டடக்கலைஞர் வியோலே-ல-துய்க் சீரமைப்புக்குத் துணிச்சலான ஒரு விளக்கம் தந்தார். ஒரு கட்டடத்தை முழுமையான நிலைக்குக் கொண்டுவருவதே சீரமைப்பு, அந்த நிலை வரலாற்றில் எந்த ஒரு தருணத்திலும் இருந்திராமல்கூடப் போகலாம் என்றார். இங்கிலாந்தில் ஜான் ரஸ்கின் இதற்கு நேர் எதிர்த் திசையில் நின்றார். 1849இல் வெளியான தம் நூலில், சீரமைப்பு என்ற பெயரில் நடப்பது அழிவே என்று வாதிட்டார். அவர் வழியில் வந்த வில்லியம் மாரிஸ் 1877இல் பழைய கட்டடங்களுக்கான பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கி, சுரண்டிப் புதிதாக்கும் போக்கை எதிர்த்தார்.

இரு தரப்பும் ஏன் ஒன்றையொன்று சமாதானப்படுத்த முடியவில்லை என்பதற்கு வியன்னாவின் கலை வரலாற்றாளர் அலோயிஸ் ரீகல் 1903இல் ஒரு விளக்கம் தந்தார். ஒரே பொருளில் பல மதிப்புகள் குடியிருக்கின்றன என்பது அவர் கருத்து. காலம் விட்டுச்சென்ற தேய்மானத்தில் இருப்பது வயது மதிப்பு. குறிப்பிட்ட ஒரு காலத்தின் சான்றாக நிற்பது வரலாற்று மதிப்பு. இன்னும் பயன்படுவதில் இருப்பது பயன் மதிப்பு. பளிச்சென்ற முழுமையில் இருப்பது புதுமை மதிப்பு. ஒன்றைக் காப்பாற்றப் போனால் மற்றொன்று அடிபடும். டைவ் வாட்ச் பற்றிய வாதங்களைப் புரிந்துகொள்ள இந்தப் பகுப்பு இன்றும் பெரிதும் உதவுகிறது.

முதல் நிலைப்பாடு: கருவி கருவியாகவே இருக்கட்டும்

முதல் தரப்புக்குப் பயன் மதிப்பும் புதுமை மதிப்பும் முதன்மை. நிறுவனங்களின் சர்வீஸ் மையங்கள் நீண்டகாலமாக இந்த வழியில்தான் நடந்துவந்திருக்கின்றன. இதற்கு வலுவான காரணமும் உண்டு. டைவ் வாட்சுக்கான ஐஎஸ்ஓ 6425 தரநிலை, குறிக்கப்பட்ட அழுத்தத்தைவிட 25 விழுக்காடு கூடுதலான அழுத்தத்தில் வாட்சைச் சோதிக்கச் சொல்கிறது. 200 மீட்டர் என்று எழுதியிருந்தால் 250 மீட்டர் ஆழத்துக்கு இணையான அழுத்தத்தை அது தாங்கவேண்டும். முழு இருட்டில் 25 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து நேரம் தெரியவேண்டும் என்பதும் அதில் உண்டு. மங்கிப்போன லூமும் அரித்த கேஸும் இந்தச் சோதனைகளில் தேறுவது அரிது. நீர் புகாது என்று உறுதி தரும் நிறுவனம் பழைய பாகங்களை மாற்றியே தீருவேன் என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இந்த வழியின் இழப்புகள் திரும்பப் பெற முடியாதவை. பழைய சப்மரீனரின் லக்குகளில், அதாவது ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகளில், கூர்மையாகச் சரித்து வெட்டிய ஓரம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு பாலிஷிலும் எஃகு கொஞ்சம் கரைகிறது; சில முறைக்குள் அந்த ஓரம் மறைந்து, கொம்பு மெலிந்து, கேஸ் உருண்டையாகிவிடுகிறது. டயலை மாற்றினால் அந்த வாட்சின் காலத்தைக் காட்டும் எழுத்துகளும் அச்சும் போய்விடுகின்றன. புது டயல் பெரும்பாலும் பிற்கால வடிவமைப்பில் இருப்பதால், 1960களின் கேஸுக்குள் 1990களின் முகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எந்தத் தருணத்திலும் இருந்திராத முழுமை என்று வியோலே-ல-துய்க் சொன்னது இங்கே அப்படியே நிகழ்கிறது.

கேஸின் இழந்த வடிவை மீட்க லேசர் பற்றவைப்பு என்ற உத்தி அண்மைக்காலத்தில் பரவியிருக்கிறது. அரிப்புக் குழிகளிலும் தேய்ந்த ஓரங்களிலும் புதிய உலோகத்தைச் சேர்த்து, பிறகு பழைய கோணத்தில் கடைந்தெடுக்கிறார்கள். வேலை நேர்த்தியாக இருந்தால் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். இதைச் சீரமைப்பு என்பதா, நகலெடுப்பு என்பதா என்பதில் ஒத்த கருத்து இல்லை.

இரண்டாம் நிலைப்பாடு: கை வைக்காதே

ரஸ்கினின் குரல் கைக்கடிகார உலகில் ஏலச் சந்தை வழியாகவே உரத்து ஒலித்தது எனலாம். வெயிலிலும் ஈரத்திலும் பழுப்பேறிய கறுப்பு டயலை டிராபிகல் என்று அழைத்தார்கள். வெளுத்த அலுமினிய பெசலுக்கு கோஸ்ட் என்று பெயர். 1980களின் பளபளப்பான ரோலெக்ஸ் டயல்கள் சிலவற்றில் அரக்குப் பூச்சு வலைபோல வெடித்திருந்தது. அதற்கு ஸ்பைடர் என்று பெயரிட்டார்கள். தயாரிப்புக் குறை என்று ஒருகாலத்தில் இலவசமாக மாற்றித்தரப்பட்டிருக்கக்கூடிய ஒன்று, பிறகு தேடி வாங்கும் சிறப்பானது. இந்தத் தரப்பின் வாதம் எளியது: பாகங்களைப் பிறகும் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் இயல்பாக வந்த முதுமையை எந்தப் பட்டறையாலும் திருப்பித் தர முடியாது.

வாதம் கவர்ச்சியானது என்றாலும் குறைந்தது மூன்று பலவீனங்கள் அதில் உண்டு. முதலாவது வேதியியல் சார்ந்தது. கை வைக்காமல் விட்டால் வாட்ச் அப்படியே இருந்துவிடாது. உலர்ந்த எண்ணெயோடு ஓடும் மெஷினில் சக்கரங்களின் அச்சு முனைகள் தேய்கின்றன. வாஷரின் அடியில் தங்கிய உப்பு, துருப்பிடிக்காத எஃகையும் குழிகுழியாக அரிக்கிறது. நுண்ணிய வெடிப்பு விட்ட அக்ரிலிக் கண்ணாடி வழியாக ஈரம் புகுந்தால், போற்றிய டயல்தான் முதலில் பாழாகும். முதுமையை அப்படியே விடுவது சில நேரம் அதை அழிப்பதாகவே முடிகிறது.

இரண்டாவது, பயன்பாடு பற்றியது. ஜான் ஹாரிசன் பதினெட்டாம் நூற்றாண்டில் செய்த கடல்வழிக் கடிகாரங்களை 1920 முதல் ரூபர்ட் கோல்ட் சீரமைத்தார். கிரீனிச்சில் அவற்றில் முதல் மூன்றும் ஓடுகின்றன. நான்காவதான எச்-4 மட்டும் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு எண்ணெய் தேவை, ஓட ஓட அது சிதையும் என்பதே காரணம். காப்பதா, ஓட்டுவதா என்று கேட்டபோது அங்கே காப்பதைத் தேர்ந்தார்கள். ஒரே ஒரு பொருள், அதுவும் அருங்காட்சியகத்தில் இருப்பது என்பதால் அந்த முடிவு பொருந்துகிறது. கையில் கட்டிக்கொள்ளும் வாட்சுக்கு, அதிலும் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட ஒன்றுக்கு, அதே விதியை நீட்டுவது எளிதல்ல.

மூன்றாவது, சந்தை பற்றியது. முதுமைக்கு விலை வந்ததும் முதுமையைத் தயாரிப்பவர்களும் வந்தார்கள். டயலைச் சூடாக்கியும் புற ஊதாக் கதிரில் வைத்தும் நிறம் மாற்றுகிறார்கள். புது லூமில் பழுப்பு நிறமி கலக்கிறார்கள். நிறுவனங்களும் பின்தங்கவில்லை. 2010களில் வந்த மறுவெளியீட்டு டைவ் வாட்ச்கள் பலவற்றில் ஒளிப்பூச்சு பிறக்கும்போதே வெண்ணெய் நிறம். பழமை என்பது தோற்றம் மட்டும்தான் என்றால் அதைச் செய்துகொள்ளலாம். நடந்ததன் சான்று என்றால் செய்துகொள்ள முடியாது. இரண்டாம் தரப்பு எதைப் போற்றுகிறது என்பதை எப்போதும் தெளிவாகச் சொல்வதில்லை.

மூன்றாம் நிலைப்பாடு: குறைவாகச் செய், குறித்து வை

இத்தாலியின் சேசாரே பிரான்டி 1963இல் தொகுத்தளித்த சீரமைப்புக் கோட்பாடும், அடுத்த ஆண்டு ஏற்கப்பட்ட வெனிஸ் சாசனமும் நடுவழிக்கு அடித்தளமிட்டன. ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நிற்கவேண்டும். சேர்க்கும் பாகம் முழுமையோடு இசையவேண்டும், ஆனால் மூலத்திலிருந்து வேறுபடுத்தி அறியக்கூடியதாக இருக்கவேண்டும். வெவ்வேறு காலங்களின் பங்களிப்புகளை மதிக்கவேண்டும். செய்ததை எல்லாம் ஆவணப்படுத்தவேண்டும் என்பவை சாசனத்தின் சாரம்.

வாட்ச் மேசையில் இது ஏறக்குறைய இப்படி அமைகிறது. மெஷினைப் பிரித்துக் கழுவி எண்ணெயிடுவார்கள். வாஷர்கள் அனைத்தையும் தயக்கமின்றி மாற்றுவார்கள். கண்ணாடியில் கீறல்தான் என்றால் மெருகிடுவார்கள். வெடிப்பு என்றால் மாற்றிவிட்டுப் பழையதை உறையிலிட்டு உரிமையாளரிடம் தருவார்கள். கேஸின் அழுக்கை நீக்குவார்கள், பாலிஷ் போடமாட்டார்கள். டயலைத் தொடமாட்டார்கள், உதிரும் லூமை மட்டும், முள்ளின் பின்புறத்திலிருந்து பசை கொடுத்து நிறுத்திவைப்பார்கள். முன்னும் பின்னும் படமெடுத்து, மாற்றியவற்றைப் பட்டியலிடுவார்கள்.

ரீகலின் கண்ணோடு பார்த்தால் இந்த வழி ஏன் வேலை செய்கிறது என்பது விளங்கும். டைவ் வாட்சில் அந்த மதிப்புகள் வெவ்வேறு பாகங்களில் பிரிந்து கிடக்கின்றன. பயன் மதிப்பு பெரும்பாலும் மூடிக்குள், மெஷினிலும் வாஷரிலும் இருக்கிறது. வயது மதிப்பு வெளியே, டயலிலும் பெசலிலும் இருக்கிறது. வரலாற்று மதிப்பு பின்மூடியில் பொறித்த எண்ணிலும் டயலின் சிற்றெழுத்திலும் இருக்கிறது. ஒரு கற்சுவரில் இப்படிப் பிரிக்க முடியாது. ஆகவே கட்டடங்களில் தீராத பகை, வாட்சில் பெருமளவு தானாகவே தணிகிறது. முழு வாட்சுக்கும் ஒரே விடை தேடுவதைவிட, பாகம் பாகமாகக் கேட்பது பலன் தருகிறது.

இந்த நிலைப்பாட்டுக்கும் இடர்கள் உண்டு. வேறுபாடு தெரியவேண்டும் என்ற விதி சுவரோவியத்தில் இயலும். ஒரு மில்லிமீட்டர் அகல முள்ளில் எப்படி? தெரிந்தால் அழகு கெடுகிறது, தெரியாவிட்டால் ஏமாற்றாகிறது. ஆவணம் இந்த இடைவெளியை நிரப்பலாம், ஆனால் வாட்ச் கைமாறும்போது காகிதம் தொலைந்துபோகிறது. முந்தைய தலையீடுகளை என்ன செய்வது என்பதும் சிக்கல். பிரிட்டிஷ் பாதுகாப்புத் துறை தன் பழைய மார்க் 11 விமானி வாட்ச்கள் பலவற்றில் லூமிலிருந்த ரேடியத்தை நீக்கிவிட்டு டிரிடியம் பூசி, டயலில் வட்டத்துக்குள் ஒரு டி எழுத்தை இட்டது. அந்த மாற்றமே இன்று அவ்வாட்சுகளின் வரலாறு. படைப் பட்டறையில் மாற்றியது வரலாறு, தெருவோரக் கடையில் மாற்றியது சேதம் என்று பிரிப்பதற்கு ஆவணத்தைத் தவிர வேறு அடிப்படை காண்பது கடினம்.

லூம் என்னும் முடிச்சு

பாகம் பாகமாகப் பிரிக்கும் உத்தி ஓர் இடத்தில் முறிகிறது. லூம் ஒரே நேரத்தில் கருவியின் உறுப்பு, முதுமையின் முகம், காலத்தின் சான்று, சிலவற்றில் நச்சும்கூட.

தொடக்ககால டைவ் வாட்சுகளில் பூசப்பட்டது ரேடியம். நியூ ஜெர்சியின் ஆரஞ்ச் நகரில் டயல்களுக்கு அதைத் தீட்டிய பெண்கள், தூரிகை முனையை உதட்டால் கூராக்கும்படி பழக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் பலர் நோயுற்று இறந்தார்கள். பாதிக்கப்பட்ட ஐவர் தொடுத்த வழக்கு 1928இல் உடன்பாட்டில் முடிந்தது. ஆயினும் ரேடியம் 1960கள் வரை பூசப்பட்டது. அதன் அரை ஆயுள் சுமார் 1600 ஆண்டுகள். எனவே 70 ஆண்டுப் பழைய டயல் ஒளிராவிட்டாலும் அதிலுள்ள ரேடியம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஒளிர்ந்த துத்தநாக சல்பைடு சிதைந்துவிட்டது, கதிர்வீச்சு சிதையவில்லை. மூடியைத் திறந்து அந்தப் பொடியை ஊதுவதோ சுரண்டுவதோ ஆபத்து.

அடுத்து வந்த டிரிடியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள், 50 ஆண்டில் சுமார் 6 விழுக்காடுதான் எஞ்சும். 1990களின் இறுதியில் அதையும் கைவிட்டு, ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் உருவாக்கிய, கதிரியக்கமற்ற ஸ்டிரான்டியம் அலுமினேட் பூச்சுக்குத் தொழில் மாறியது.

அபாயத்தை முதன்மையாகக் கொண்ட முடிவுகளும் எடுக்கப்பட்டிருக்கின்றன. அமெரிக்கக் கடற்படைக்கென 1960களில் செய்யப்பட்ட டோர்னெக்-ரேவில் வாட்ச்களில் புரோமீதியம் பூசியிருந்தது. அவற்றில் பெரும்பகுதி கதிரியக்கக் கழிவாக அழிக்கப்பட்டது. எஞ்சியவை அரிதாகி, விலை உயர்ந்தது. அழிவே மதிப்பைக் கூட்டிய இந்த நிலையை மூன்று நிலைப்பாடுகளில் எதுவும் முன்கூட்டிக் கணக்கில் கொண்டதாகத் தெரியவில்லை.

லூமைப் புதிதாகப் பூசினால் வாட்ச் இருட்டில் பேசும், ஆனால் முகம் மாறும். பழுப்பு கலந்து பூசினால் முகம் ஒக்கும், ஆனால் அது போலி முதுமை. விட்டுவிட்டால் உண்மை நிலைக்கும், ஆனால் கருவி குருடாகும். டிரிடியத்தில் விடுவதே நல்லது என்போர் பலர். ரேடியத்தில் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது.

எதுவரை அதே வாட்ச்?

புளூட்டார்க் எழுதிய தீசியஸின் கப்பல் பற்றிய புதிர் இங்கே வெறும் தத்துவப் பயிற்சி அல்ல. பலகை ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட கப்பல் பழைய கப்பல்தானா என்பது மூலக் கேள்வி. கழற்றிய பழைய பலகைகளை ஒருவர் சேர்த்து இன்னொரு கப்பல் கட்டினால் எது தீசியஸினுடையது என்று தாமஸ் ஹாப்ஸ் பதினேழாம் நூற்றாண்டில் அதை நீட்டினார். பல வாட்சுகளின் உண்மையான பாகங்களைக் கோத்துச் செய்யும் ஃபிராங்கன் வாட்ச், ஹாப்ஸின் இரண்டாவது கப்பலைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது.

டைவ் வாட்ச் அல்லாத ஓர் எடுத்துக்காட்டு இதன் தீவிரத்தைக் காட்டும். பழுப்பு டயல் கொண்ட, 1957இல் அறிமுகமான முதல் வகை ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 2021இல் ஜெனீவாவில் பிலிப்ஸ் ஏலத்தில் 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் விலைபோனது. அது பல இடங்களிலிருந்து சேர்த்த பாகங்களால் ஆனது என்று 2023இல் ஒமேகாவே அறிவித்தது. பாகங்கள் பழையவை என்பதாலேயே முழுப்பொருள் உண்மையானதாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

விலையேணியின் கீழ்ப்படியில் நிலைமை வேறு. ஃபாவ்ர்-லூபா நிறுவனத்துக்கு இந்தியாவில் நெடுங்கால வணிகம் இருந்தது. பின்னாளில், 2011இல், ஓசூரில் ஆலை கொண்ட டைட்டன் அதை வாங்கவும் செய்தது. இந்தியச் சந்தையில் புழங்கும் அதன் பழைய வாட்ச்கள் பல, டயல் முழுவதும் மறுபூச்சு கண்டவை. சேகரிப்பாளர்கள் அவற்றை ஒதுக்குகிறார்கள். ஆனால் பாகம் கிடைக்காத காலத்தில் வாட்சை ஓடவைத்த பழுதுபார்ப்பு மரபின் சான்றும் அவையே. 1976 முதல் 1988 வரை பெருமளவில் தயாரான சைக்கோ 6309 போன்றவற்றுக்கும் இது பொருந்தும்: நேர்த்தியான காப்புச் செலவு வாட்சின் விலையையே மிஞ்சிவிடுவதால், வெளிச்சந்தையின் புது டயலும் முள்ளும் போட்டுக்கொள்வது இயல்பாகிறது.

முடிந்ததும் முடியாததும்

மேற்கண்டவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு ஓரளவு உறுதியோடு வரலாம். மெஷினைப் பராமரிப்பதும் வாஷரை மாற்றுவதும் முதுமையைக் குலைப்பதில்லை, அதைக் காக்கின்றன. பாலிஷும் டயல் மறுபூச்சும் திரும்ப முடியாதவை என்பதால் அவற்றுக்கான காரணத்தைச் சொல்லும் பொறுப்பு செய்பவருடையது. கழற்றிய பாகத்தைத் தூக்கி எறியக்கூடாது. சீரமைத்த பழைய வாட்சைக் கட்டிக்கொண்டு ஆழ்கடலுக்குப் போகாமலிருப்பதே, பயனுக்கும் முதுமைக்கும் இடையிலான சச்சரவைப் பாதி தீர்த்துவிடும். வாஷர் அன்றாட ஈரத்தைத் தடுத்தால் போதும். 200 மீட்டர் என்ற எழுத்தை வாக்குறுதியாக அன்றி வரலாறாக வாசிக்கலாம்.

திறந்தே இருக்கும் கேள்விகள் இரண்டு. ரேடியம் டயலை யார் பொறுப்பில், எவ்வளவு காலம் அப்படியே வைத்திருப்பது என்பது ஒன்று. செய்த மாற்றங்களின் பதிவு வாட்சோடு சேர்ந்தே கைமாறுவதற்கு எல்லோரும் ஏற்கும் ஏற்பாடு எது என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு விடை கிடைக்கும்வரை, நடுவழி நேர்மையானதா என்பது சீரமைப்பவரின் நாணயத்தையே பெரிதும் சார்ந்திருக்கும். எவ்வளவு மாற்றலாம் என்ற வாதம் நூறாண்டுக்கு மேல் நடந்துவிட்டது. மாற்றியதை அடுத்தவர் அறிய எப்படி விட்டுச்செல்வது என்பதில்தான் இனி அதிக உழைப்பு தேவைப்படும் என்று தோன்றுகிறது.